கற்பூரத்தின் மேல் வைத்த வழக்கு

வேதாசலம் முன்சீப் கோர்ட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள், அவர் கோர்ட்டில் செய்த காரியம் சத்திரத்துக் கிணற்றடிக்கு வந்து, தண்ணீர் குடித்து, இளைப்பாறியும் விட்டது. திருத்தணியில் செய்திக்குக் கால் உண்டு. வேதாசலத்தின் பத்திரிகைக்குத்தான் கிடையாது. அது வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் காகிதம் கிடைத்தால், நொண்டிக்கொண்டு வரும்.

கௌரியம்மாள் அப்போதுதான் குடத்தைக் கிணற்றில் இறக்கியிருந்தாள். பூக்கார ஜெயம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, கயித்தக் கெட்டியாப் புடிச்சிக்கோ. அப்பறம் சொல்றேன்."

"புடிச்சிக்கினுதான் இருக்கறேன். சொல்லு."

"உங்க ஊட்டுக்காரு கோர்ட்ல எழுந்து நின்னு, பிரசிடெண்டு மலைமேல கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்ணிட்டாருன்னா பிரஸ்ஸ நானே இடிச்சிடறேன்னு சொல்லிட்டாராம். முன்சீப்பு அப்படியே எழுதிக்கினாராம்."

கௌரியம்மாள் கயிற்றை விடவில்லை. இழுக்கவும் இல்லை.

"வக்கீலு சொல்லச் சொன்னாரா?"

"வக்கீலு தலையில அடிச்சிக்கினாராம். சத்தம் வெளிய கேட்டுச்சாம்."

வேதாசலத்தின் 'குன்றடிக் குரல்' நாலு பக்கப் பத்திரிகை. முதல் பக்கத்தில் யுத்தம், இரண்டாம் பக்கத்தில் ரேஷன், மூன்றாவதில் கோயில், நாலாவதில் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை அச்சடித்துத் தருவதாக விளம்பரம். இந்த நாலாம் பக்கம்தான் மற்ற மூன்றுக்கும் சோறு போட்டது. அதோடு நின்றிருக்கலாம். போன வருஷம் மாசி மாதம் இரண்டாம் பக்கத்தில், 'தெருவிளக்குக்கு வரும் மண்ணெண்ணெய் எந்த விளக்கில் எரிகிறது?' என்று ஒரு கேள்வி போட்டுவிட்டார். யார் பேரும் போடவில்லை. ஆனால் ஊரே இருட்டில் தடவிக்கொண்டிருந்த அந்த நாளில் கூடத்தில் பளிச்சென்று வெளிச்சம் தெரிந்த வீடு ஒன்றுதான். அது ஊர் போர்டு பிரசிடெண்டு சிங்காரத்தின் வீடு.

சிங்காரம் மறுப்பு எழுதி அனுப்பவில்லை. அவருக்கு எழுத்தில் நம்பிக்கை இல்லை, கடப்பாரையில்தான் நம்பிக்கை. பிரஸ்ஸின் மேற்குச் சுவர் போர்டு சந்துக்குள் ஏறிக் கட்டியிருக்கிறது, இடிக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. அச்சு யந்திரம் அந்தச் சுவரை ஒட்டித்தான் நின்றது. சுவர் போனால் கூரை போகும், கூரை போனால் யந்திரம் தெருவுக்கு வரும். வேறு இடத்தில் வைக்கலாம் என்றால் அதற்கு லைசென்சு தர வேண்டியவரும் அதே சிங்காரம். இடிக்கக் கூடாது என்று தடை கேட்டு வேதாசலம் கோர்ட்டுக்குப் போனது அதனால்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுவரை அங்கே கட்டச் சொன்னவரே சிங்காரம். அப்போது அவர் மறுபடியும் எலெக்‌ஷனுக்கு நின்றிருந்தார். நோட்டீசெல்லாம் வேதாசலம்தான் அடித்துக்கொடுத்தார். அந்தக் குஷியில் பிரசிடெண்டு கைத்தடியால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, "இதுவரைக்கும் இழுத்துக் கட்டிக்கோ வேதாசலம், நான் இருக்கறேன்" என்றார். கௌரியம்மாள்தான் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இஞ்சி தட்டிப் போட்ட மோர். இரண்டாம் டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். இதெல்லாம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் பெண்டாட்டி சாட்சி பெண்டாட்டி சாட்சிதான். சுவர் வைத்த கொத்தன் முனியன் இப்போது போர்டு ரோட்டு வேலையில் இருந்தான். கூண்டில் ஏறி, "மண்ணு கொழச்சது நெனப்பு இருக்குது சாமி. யாரு கட்டச் சொன்னாங்கன்றது நெனப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

சாட்சி இல்லாத வழக்கில் எதிராளியையே சாமிக்கு முன்னால் நிறுத்துவது அப்போது கோர்ட்டும் ஒப்புக்கொண்ட வழி. 'அவன் ஆணையிட்டுச் சொல்லட்டும், நான் கட்டுப்படுகிறேன்' என்று ஒருவன் சொல்லி, அவனும் சரி என்றால், கோர்ட்டார் ஒரு கமிஷனரைக் கூட அனுப்பிக் கோயிலில் ஆணை வாங்குவார்கள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொல்லிவிட்டால் அதுவே தீர்ப்பு. அதற்குமேல் அப்பீலுக்குச் சித்தூர் ஜில்லா கோர்ட்டுக்குப் போனாலும் சிரிப்பார்கள். இதைத்தான் வேதாசலம் எழுந்து நின்று கேட்டிருக்கிறார். சிங்காரமும் மீசையைத் தடவிக்கொண்டு சரி என்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்த வேதாசலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முகத்தில் ஜெயித்துவிட்டு வந்த களை.

"கேட்டியா?"

"ஊரே கேட்டுச்சி. நான் கேக்காத இருப்பனா?"

"அவன் மாசக் கிருத்திகை தவறாத மலையேறறவன், கௌரி. தைக்குக் காவடி எடுக்கறவன். முருகன் எதிர்ல நின்னு பொய் சொல்லுவானா? கை நடுங்கிப்பூடும்."

"பொன்னியம்மன் எதிர்ல நடுங்கலியே."

"இன்னா பொன்னியம்மன்?"

"தம்பிக்கு நெலத்துல பாகம் இல்லேன்னு அங்க கற்பூரம் அணைச்சவருதானே அவரு? தம்பி பொஞ்சாதி கன்னியம்மா என்கிட்ட அழுதா. அந்த வருஷம் அவரு கரும்பு ஆள் ஒசரம் நின்னுச்சாம். ஒரு தும்மல் கூட வரல அவருக்கு."

"அதுக்கு ஆதாரம்?"

"கன்னியம்மா சொன்னா."

"அது வதந்தி. நான் பத்திரிகைக்காரன்."

"மண்ணெண்ணெ சமாச்சாரம் மட்டும் இன்னாவாம்? அதுவும் கெணத்தடியிலேர்ந்து நான் கொண்ணாந்ததுதானே?"

வேதாசலம் கால் கழுவப் போனார். ஆம்பிளைகளுக்குப் பதில் கிடைக்காதபோதெல்லாம் கால் அழுக்காகிவிடும்.

அன்றிலிருந்து கௌரியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. வரப்போகிற கிருத்திகையன்று ஆணை என்று கோர்ட்டு வைத்துவிட்டது. அதற்குள்ளேயே ஊர், நடக்காத எழவுக்குத் துக்கம் விசாரிக்க ஆரம்பித்தது. போர்டு பியூன் எல்லப்பன் ஒரு கயிற்றோடு வந்து சுவரை அளந்தான்.

"இன்னாப்பா இது? இன்னும் தீர்ப்பே ஆவல."

"ஆங், ஆவலம்மா. இப்பவே அளந்து வெச்சிக்கினா அன்னிக்கு உங்களுக்குச் சிரமம் இருக்காது பாருங்க" என்றான், ஏதோ உபகாரம் செய்கிறவன்போல.

அரக்கோணத்திலிருந்து பழைய இரும்பு வாங்குகிற சேட்டு ஒருவர் வந்து இறங்கினார். சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். சும்மா வந்தவர் யந்திரத்தின் சக்கரத்தை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "நல்ல இரும்பு" என்று பாராட்டிவிட்டுப் போனார். மாட்டுச் சந்தையில் கிழட்டு மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்த பார்வை அது. அவர் விரல் பட்ட இடத்தைக் கௌரியம்மாள் முந்தானையால் துடைத்தாள். அந்த யந்திரத்துக்காகத்தான் அவள் கழுத்துச் சங்கிலி போயிற்று. அதன் டக்-டக் சத்தத்தில்தான் அவளுக்குத் தூக்கமே வரும். அது நின்றுபோனால் இந்த மனுஷன் என்ன செய்வார்? கட்டைவிரல் மை போவதற்குள் ஆளே போய்விடுவார்.

மனுஷனோ, 'சத்தியத்தின் வெற்றி' என்று அடுத்த வாரத் தலையங்கத்துக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். முன்கூட்டியே.

இப்படி இருக்கையில் ஒருநாள் சிங்காரத்தின் சம்சாரம் தாயாரம்மாள் குங்குமச் சிமிழ் கொடுத்தனுப்பினாள். மகள் சந்திராவுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். தெருவில் ஒரு சுமங்கலி வீடு விடாமல் அழைப்பு.

"போவாதே" என்றார் வேதாசலம்.

"கோர்ட்டு உங்களோட. குங்குமம் எங்களோட" என்று சொல்லிவிட்டு, வளையல்காரரிடம் கறுப்புக் கோடு போட்ட பச்சை வளையலாகப் பொறுக்கி வாங்கிக்கொண்டு புறப்பட்டாள். அந்த மாதிரி வளையல் அன்று வேறு யாரும் வாங்கவில்லை. மற்றதெல்லாம் சிவப்பு.

போகும்போது அவள் மனதில் ஒரு திட்டமும் இல்லை. தாயாரம்மாளைத் தனியாகப் பிடித்து, 'அக்கா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க' என்று கெஞ்சலாமா என்று ஒரு நப்பாசை, அவ்வளவுதான். கூடத்தில் சந்திரா பட்டுப்புடவையில், மஞ்சள் பூசிய கன்னத்தோடு, மூச்சுவாங்க உட்கார்ந்திருந்தாள். இருபத்தோரு வயசுக்கு மேல் இருக்காது. கௌரியம்மாளைப் பார்த்ததும், "வாங்கம்மா" என்று சிரித்தாள். தாயாரம்மாளும் சிரித்தாள்.

"வந்துட்டியே கௌரி! வரமாட்டியோன்னு நெனச்சேன். செவுத்துத் தகராறு அவங்களோட போவட்டும். இவ வந்த நாள்லேர்ந்து நான் வாசப்படி தாண்டல. ஊர்ல இன்னா நடக்குதுன்னே தெரியல."

கௌரியம்மாளின் கை சந்தனக் கிண்ணத்தில் நின்றது. இவளுக்குத் தெரியாது! கிணற்றடிக்குத் தெரியும், பூக்கடைக்குத் தெரியும், அரக்கோணத்துச் சேட்டுக்குக்கூடத் தெரியும். கற்பூரத்தை அணைக்கப்போகிறவர் வீட்டுக்குத் தெரியாது. சிங்காரம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது புடவை கட்டின எவளுக்கும் புரியும். வீட்டில் பெண் வாயும் வயிறுமாக இருந்தால் தேங்காய்கூட ஆம்பிளை உடைக்கமாட்டான். எரிகிற தீபத்தை வாயால் ஊதமாட்டார்கள். அப்படியிருக்க, கற்பூரத்தை அணைப்பதாவது! அதுவும் பொய்க்கு! பொய்ச்சத்தியம் சொன்னவன் தலையில் விழாது, அவன் வம்சத்துத் தலையில் விழும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. பொன்னியம்மனுக்குச் சிங்காரம் பயப்படாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அன்று வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரி யாரும் இல்லை.

வளையலை ஒவ்வொன்றாக அடுக்கினாள். சந்திராவின் கை சூடாக இருந்தது. சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம். எழுந்து வந்தால் யந்திரம் சேட்டுக்கு.

"கிருத்திகைக்கு மாப்ள வூட்லேர்ந்து வருவாங்களா அக்கா?" என்று கேட்டாள் கௌரியம்மாள்.

"கிருத்திகைக்கு இன்னா?"

"இல்ல... அன்னிக்கு அண்ணன் மலைமேல கற்பூரம் அணைச்சி ஆணை குடுக்கற நாளாச்சே. கோர்ட்ல வெச்சிட்டாங்களே. அதான் கேட்டேன்."

வாய் தவறி வந்துவிட்டது என்று பிற்பாடு ஜெயம்மாளிடம் சொன்னாள். ஜெயம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. நாள் முழுக்கக் கிணற்றடியில் நிற்கிற வாய் அப்படியெல்லாம் தவறாது.

கூடத்தில் வளையல் சத்தம் நின்றது. தாயாரம்மாளின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. உள்ளே இருந்தவள்தான் இல்லை. சந்திரா வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "நைனாவா?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த ஒரு சொல் கௌரியம்மாளோடு வீடுவரைக்கும் வந்தது. வந்து, போகாமல் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டது.

கிருத்திகையன்று மலைமேல் கூட்டத்துக்குக் கேட்பானேன். சாமி பார்க்க வந்தவர்களைவிடச் சத்தியம் பார்க்க வந்தவர்கள் அதிகம். பொதட்டூர்ப்பேட்டையிலிருந்து தறியை நிறுத்திவிட்டு ஒரு வண்டி ஆள் வந்திருந்தது. கமிஷனராக வந்த சின்ன வக்கீல், கறுப்புக் கோட்டோடு மலையேறி வேர்த்து விறுவிறுத்து, கொடிமரத்தடியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேதாசலம் வெளுத்த வேட்டியில், மாப்பிள்ளைபோல நின்றார். கௌரியம்மாள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தூண் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது என்றாலும் தப்பில்லை.

சிங்காரம் சரவணப் பொய்கையில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். நெற்றி நிறைய விபூதி. கை நடுங்கவில்லை. கௌரியம்மாள் அந்தக் கையைத்தான் பார்த்தாள். பாறைபோல இருந்தது. வேதாசலமும் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக் களை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது.

கமிஷனர் வாசித்தார்: 'மேற்படி சுவரைக் கட்ட நான் வாதிக்கு எக்காலத்திலும் அனுமதி கொடுத்ததில்லை என்று சுப்பிரமணிய சுவாமி சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன்.' தட்டில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார்கள். சிங்காரம் கையைத் தூக்கினார்.

கூட்டம் விலகியது. தாயாரம்மாள் வந்தாள். படியேறின மூச்சு இன்னும் அடங்கவில்லை. அழவில்லை, கத்தவில்லை. புருஷனுக்கு எதிரில் போய் நின்று, கறிகாய்க்காரனிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"அணைங்க. அணைச்சிட்டு இப்படியே அரக்கோணம் போயி ரயிலேறிடுங்க. ஊட்டுக்கு வரவேணாம். அவ பெத்துப் பொழச்சா சொல்லி அனுப்பறேன்."

"இன்னாடி இது, நாலு பேரு எதிர்ல..."

"நாலு பேரு எதிர்லதானே அணைக்கப் போறீங்க? கையை வையுங்க. நெசம்னா இன்னாத்துக்கு யோசிக்கறீங்க?"

கை நெருப்புக்குமேல் அந்தரத்தில் நின்றது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. கற்பூரம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. சின்னதாகி, நீலமாகி, தானே அணைந்தது.

"அணைஞ்சிப்போச்சி!" என்றார் சிங்காரம் அவசரமாக. "எழுதிக்கங்க சார், அணைஞ்சிப்போச்சி!"

"நீங்க அணைக்கணும் சார், அதுவா அணையக் கூடாது" என்றார் கமிஷனர். "இன்னொரு கட்டி வைக்கச் சொல்லட்டுமா?"

இன்னொரு கட்டி வைத்தார்கள். சிங்காரம் பெண்டாட்டியைப் பார்த்தார். தாயாரம்மாள் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டியும் எரிந்து முடிகிற சமயத்தில், ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சிங்காரம் சொன்னார்: "நான்தான் கட்டிக்கச் சொன்னேன். எழுதிக்கினு போங்க."

கூட்டம் அரோகரா போட்டது. முருகனுக்கா, வேதாசலத்துக்கா என்று தெரியவில்லை. எல்லப்பன் கயிறு கொண்டுவந்திருந்தான். அதை மெதுவாக இடுப்பில் சுற்றிக்கொண்டான்.

பத்திரிகை அந்த வாரம் ஒரு நாள் முன்னாலேயே வந்தது. 'சத்தியத்தின் வெற்றி.' சுப்பிரமணியர் சந்நிதியில் பொய்யுரைக்க ஒருவர் துணியார் என்று தாம் கொண்ட நம்பிக்கை வீண்போகவில்லை என்று ஆசிரியர் எழுதியிருந்தார். வளைகாப்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆதாரமில்லாத செய்தியை அவர் போடுவதில்லை.

கௌரியம்மாள் படிக்கவில்லை. அவளுக்குக் கிணற்றடியில் வேறு தலையங்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"கற்பூரம் தானா அணைஞ்சா யாருக்குக் கெடுதி அக்கா?" என்று ஜெயம்மாள் ஆரம்பித்து வைத்தாள். "அணைக்கப் போனவனுக்கா, அணைக்க வெச்சவனுக்கா?"

"ரெண்டு தபா அணைஞ்சிருக்குது" என்றாள் இன்னொருத்தி. "அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு ராத்திரியிலேர்ந்து தூக்கமே இல்லியாம். காலு வீங்கிக்கினு கெடக்குதாம்."

கௌரியம்மாள் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தாள். யந்திரம் டக்-டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. முன்னே தாலாட்டாக இருந்த சத்தம் இப்போது நெஞ்சில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? சிங்காரத்தின் பொய் பாதியில் நின்றுவிட்டது. தன் வாயிலிருந்து வந்தது முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டதே. சாமி விளக்குக்கு முன்னால் நின்று, 'அவ நல்லபடியாப் பெத்து எழுந்தா, வர்ற ஆடிக்கு நான் பூக்காவடி எடுக்கறேன்' என்று வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். வழக்குக்குக்கூட அவள் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு? அதான் ஜெயிச்சாச்சே" என்றார் வேதாசலம்.

"எல்லாத்துக்கும்தான்" என்றாள்.

பங்குனி வெயில் ஏறின ஒரு காலைநேரம், கிணற்றடிக்குப் போகவே அவள் பயந்துகொண்டு தண்ணீரில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, ஜெயம்மாள் தெருவிலிருந்தே குரல் கொடுத்தாள்: "அக்கா! பொண்ணு பொறந்திருக்குது! தாயும் புள்ளையும் சொகமாம்!"

கௌரியம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுதுமுடித்து முகம் கழுவுவதற்குள் சிங்காரம் வீட்டு வேலைக்காரி ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். சர்க்கரைக்கு ரேஷன் இருந்த காலம். ஆனாலும் தெரு முழுக்க ஒரு வீடு விடாமல் சர்க்கரை போய்க்கொண்டிருந்தது.

"அம்மா குடுத்தனுப்பினாங்க."

"நம்ம ஊட்டுக்குமா?" என்று உள்ளேயிருந்து மை வழிந்த கையோடு வேதாசலம் வந்தார். "பாத்தியா கௌரி! பகை தீந்துபோச்சி. பெரிய மனசு."

வளைகாப்பில் போட்ட வளையலெல்லாம் பிரசவம் ஆனதும் மருத்துவச்சிக்குப் போய்விடும். அதுதான் வழக்கம். ஒன்றும் பாக்கி வைக்கமாட்டார்கள்.

கௌரியம்மாள் தட்டின் மூடியை எடுத்தாள். சர்க்கரைமேல், கறுப்புக் கோடு போட்ட பச்சை வளையல்கள், ஒன்றுகூட உடையாமல், அடுக்கி வைத்திருந்தன. அவள் போட்டவை மட்டும் மருத்துவச்சிக்குப் போகவில்லை.

வேதாசலம் குனிந்து ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, "வளையல் எதுக்கு வெச்சிருக்காங்க?" என்றார்.

அவள் வளையல்களை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எனக்குத்தான்" என்றாள். "ஆடிக்குக் காவடி எடுக்கறப்போ போட்டுக்கறதுக்கு."